வாசகர் கேள்வி பதில்: ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வந்தால் டி.என்.ஏ. வளையுமா?

டி.என்.ஏ.யின் எழுத்து வரிசை பற்றி வந்த கடிதங்களை இம்முறை ஒன்றாக எடுத்துக்கொண்டோம். அடினீனை ஏ என்றும் தைமீனை ரி என்றும் குவானீனை ஜி என்றும் சைற்றோசீனைச் சி என்றும் எழுதியிருக்கிறோம்.

கேள்வி (உயர்தர மாணவி, மானிப்பாய்): புத்தகத்தில் டி.என்.ஏ. நேரான, முறுக்கிய ஏணியாகத்தான் இருக்கிறது. ஏ எழுத்து அடுத்தடுத்து வந்தால் அது வளையும் என்று ரியூசனில் சேர் சொன்னார். எழுத்துகள் ஏணியின் உள்ளேதானே இருக்கின்றன? உள்ளே இருப்பது எப்படி முழு ஏணியையும் வளைக்கும்?

பதில்: சேர் சொன்னது சரி. ஏணி என்ற உவமைதான் உங்களைத் தடுமாற வைக்கிறது. மர ஏணிக்குப் பலம் பக்கச் சட்டத்தில் இருக்கிறது. படி ஒன்று தேய்ந்தாலும் சட்டம் நேராகவே நிற்கும். டி.என்.ஏ.யில் ஓரமாக ஓடும் சீனி–பொசுபேற்று இழை தளர்வானது. தண்டுக்கு உருவம் கொடுப்பது உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும் மூலச் சோடிகள்தான் (எதிரெதிர் இழைகளிலிருந்து வந்து சேரும் இரண்டு எழுத்து ஒரு சோடி). கலியாண வீட்டில் கழுவி அடுக்கிய தட்டங்களை நினைத்துப் பாருங்கள். நடுவில் ஒரு தட்டம் சற்றுச் சரிந்தால் அதற்கு மேலே இருக்கும் அத்தனையும் சரிந்துதான் நிற்கும்.

ஒவ்வொரு சோடியும் முந்தியதிலிருந்து சராசரியாக 0.34 நனோமீற்றர் உயர்ந்து, ஏறத்தாழ 34 பாகை திரும்பி அமர்கிறது. ஆக, பத்தரைச் சோடிக்கு ஒரு முழுச் சுற்று. இந்தப் பத்தரையை மறக்க வேண்டாம். கீழே வரும் பதில்கள் பலவும் அதைச் சுற்றித்தான் வரும்.

34 பாகை என்பது சராசரிதான். எந்த எழுத்துக்குப் பக்கத்தில் எது வருகிறது என்பதைப் பொறுத்து அது கூடும், குறையும். ஏ–ரி சோடியைப் பிடித்திருப்பவை இரண்டு ஐதரசன் பிணைப்புகள். ஜி–சி சோடியில் மூன்று. பிடி தளர்வாக இருப்பதால் ஏயும் ரியும் ஒரே தளத்தில் கிடக்காமல், மின்விசிறியின் எதிரெதிர் இதழ்கள்போல ஒன்றுக்கொன்று எதிராகத் திருகிக்கொள்ள முடிகிறது. நாலு, ஐந்து, ஆறு ஏ அடுத்தடுத்து வரும்போது எல்லாச் சோடிகளும் ஒரே விதமாகத் திருகி, ஒன்றோடொன்று நன்றாகப் பொருந்தி இறுகுகின்றன. அந்த இடத்தில் சுருளியின் சிறு பள்ளம் (இரு இழைகளுக்கும் நடுவில் ஓடும் இரண்டு பள்ளங்களில் சிறியது) ஒடுங்கிப்போகிறது. வழக்கமாக ஏறத்தாழ 0.6 நனோமீற்றர் இருக்கும் அகலம் 0.4க்கும் கீழே இறங்குகிறது. ஒடுங்கிய பள்ளத்தின் அடியில் நீர் மூலக்கூறுகள் வரிசையாக அமர்ந்து அந்த நிலையைக் காக்கின்றன. சி-ஜி-சி-ஜி-ஏ-ஏ-ரி-ரி-சி-ஜி-சி-ஜி என்ற பன்னிரண்டு சோடித் துண்டின் பளிங்கை 1980இல் எக்ஸ் கதிரால் ஆராய்ந்த டிக்கர்சன் குழுவினர், நடுவில் உள்ள ஏ-ஏ-ரி-ரி பகுதியில் இந்த ஒடுக்கத்தை நேராகவே கண்டார்கள்.

இப்படி ஆறு ஏ கொண்ட ஒரு தொடர் தண்டை ஏறத்தாழ 18 பாகை வளைக்கிறது. ஒரு தொடரால் பெரிதாக எதுவும் தெரியாது. அடுத்த தொடர் எங்கே வருகிறது என்பதுதான் முக்கியம். சரியாக ஒரு சுற்றுக்குப் பிறகு, அதாவது பத்து அல்லது பதினொரு சோடி தள்ளி வந்தால், அதுவும் தண்டின் அதே பக்கத்தில் நிற்கும். வளைவோடு வளைவு சேரும். பதினைந்து சோடி தள்ளி வந்தால் ஏறத்தாழ ஒன்றரைச் சுற்று ஆகிவிடும். அது எதிர்ப்பக்கத்தில் நின்று முதல் வளைவைத் திருப்பி நேராக்கிவிடும். அதே எழுத்து, அதே எண்ணிக்கைதான். இடைவெளி மட்டும் மாறியதும் ஒன்று வில்லாகிறது, மற்றது நேராக நிற்கிறது.

இது முதலில் வெளிப்பட்டது பல்லியில் வாழும் ஓர் ஒட்டுண்ணியில். லீஷ்மேனியா தரந்தோலே என்பது அதன் பெயர். (அதன் உறவினமான லீஷ்மேனியா டொனவானிதான் இலங்கையில் மணல் ஈக் கடியால் வரும் தோற்புண்ணுக்குக் காரணம்.) அதன் கைனற்றோபிளாஸ்ற் (இழைமணிக்குள் இருக்கும்) டி.என்.ஏ.த் துண்டு ஒன்று, மின்சாரத்தால் துண்டுகளை நீளப்படி பிரிக்கும் ஜெல்லில் தன் உண்மை நீளத்தைவிட மிக நீளமான துண்டுபோல மெதுவாக ஊர்ந்தது. அந்தத் துண்டு வளைந்திருப்பதே காரணம் என்று 1982இல் மரினி, லெவின், குறோதர்ஸ், இங்லண்ட் ஆகியோர் எழுதினார்கள். வரிசையைப் பார்த்தபோது, ஏ தொடர்கள் பத்துச் சோடிக்கு ஒருமுறை தாளம் தவறாமல் வந்திருந்தன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏ-ஏ-ஏ-ஏ-ரி-ரி-ரி-ரி என்று ஒரு சுற்றுக்கு ஒருமுறை வரும் தண்டு நன்றாக வளைகிறது. ரி-ரி-ரி-ரி-ஏ-ஏ-ஏ-ஏ என்று அதே எட்டு எழுத்தை இடம் மாற்றினால் வளைவு காணாமல் போய்விடுகிறது. 1986இல் ஹேகர்மன் காட்டியது இது. ரிக்குப் பின் ஏ வரும் படியில் அடுக்கு மிகவும் நெகிழ்வானது. ஒடுங்கிய பள்ளம் அங்கே அறுந்துபோகிறது. ஆகவே பரீட்சையில் “ஏ–ரி அதிகம் உள்ள பகுதி வளையும்” என்று எழுதிவிடாதீர்கள். எத்தனை ஏ என்பதோடு எந்த ஒழுங்கில், எந்த இடைவெளியில் என்பதையும் சேர்த்து எழுதினால்தான் அது பதில்.

கேள்வி (வாசகர், பருத்தித்துறை): அப்படியென்றால் முழுக்க முழுக்க ஏ ஆன டி.என்.ஏ. சுருண்டு வட்டமாகிவிடுமோ?

பதில்: இல்லை. அது நேராகவும் விறைப்பாகவும் நிற்கும். எல்லாப் படியும் ஒரே மாதிரிச் சரிந்தால், தண்டு திரும்பத் திரும்ப அந்தச் சரிவுகள் எல்லாத் திசையிலும் சம அளவில் விழுந்து ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். வளைவு தெரிய வேண்டுமென்றால் நடுவில் சாதாரண டி.என்.ஏ.யும் வேண்டும். முழு வட்டம்தான் உங்களுக்கு வேண்டுமென்றால் கணக்கு இது: தொடருக்கு 18 பாகைப்படி 20 தொடர், தொடருக்குப் பத்தரைச் சோடி, ஆக மொத்தம் 210 சோடி. கிரிதிடியா என்ற இன்னொரு ஒட்டுண்ணியின் இவ்வகைத் துண்டுகள் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் சிறு வளையங்களாகவே தெரிந்தன.

கேள்வி (விஞ்ஞான ஆசிரியை, கோப்பாய்): இதை வகுப்பில் காட்டக்கூடிய மாதிரியுரு ஒன்று சொல்வீர்களா? செலவு குறைவாக இருக்க வேண்டும்.

பதில்: பழைய காட்போட் பெட்டி, தையல் கடை இலாஸ்ரிக் நூல், ரெஜிபோம் துண்டு, பாகைமானி, கவராயம் போதும்.

3 மில்லிமீற்றர் தடிப்புள்ள காட்போட்டில் 4 சென்ரிமீற்றர் விட்டத்தில் 48 வட்டத் தட்டுகள் வெட்டுங்கள். நடுவில் நூல் போகத் துளை. ஒவ்வொரு தட்டின் விளிம்பிலும் ‘அ’ என்று ஒரு கோடு, அதிலிருந்து இடஞ்சுழியாக 36 பாகையில் ‘ஆ’ என்று இன்னொரு கோடு. (உண்மையில் 34.3 பாகை. பத்துத் தட்டுக்கு ஒரு சுற்று என்று வைத்தால் பிள்ளைகளுக்கு எண்ண இலகு.) கோர்க்கும்போது மேல் தட்டின் ‘அ’ கீழ்த் தட்டின் ‘ஆ’வுக்கு நேர்மேலே வர வேண்டும். அப்போது அடுக்கு வலக்கைச் சுருளியாகத் தானே திரும்பும்.

இனி ஆப்பு. ரெஜிபோமில் 4 சென்ரிமீற்றர் நீளம், தடித்த பக்கம் 1.3 சென்ரிமீற்றர், மற்றப் பக்கம் கூர்மையாகச் சீவி, ஐந்து ஆப்புகள் செய்யுங்கள். இந்த அளவுக்கு ஆப்பின் கோணம் ஏறத்தாழ 18 பாகை வரும், ஒரு ஏ தொடரின் வளைவுக்குச் சமம். நூல் போகும்படி நடுவில் துளையிட்டு, 1, 11, 21, 31, 41ஆம் தட்டுகளின்மேல், தடித்த பக்கம் அந்தந்தத் தட்டின் ‘அ’ கோட்டுக்கு நேராக வரும்படி வையுங்கள். நூலை இறுக்கிக் கட்டினால் அடுக்கு ஏறத்தாழ செங்கோணத்துக்கு வளையும். பிறகு அவிழ்த்து, நாலு ஆப்பை மட்டும் 1, 16, 31, 46ஆம் தட்டுகளில் வையுங்கள். இடையிடையே நெளிந்தாலும் தூண் மொத்தத்தில் நேராக நிற்கும்.

பிழை வருவது பெரும்பாலும் மூன்று இடத்தில். துளை பெரிதாகிவிட்டால் தட்டுகள் வழுக்கித் திரும்பி எல்லா ஆப்பும் தாறுமாறான திசையைப் பார்க்கும். தடித்த ஊசியால் குத்திய துளையே போதும். இலாஸ்ரிக்கை மிகவும் இறுக்கினால் ரெஜிபோம் நசுங்கி ஆப்பின் கோணம் குறைந்துவிடும். ‘ஆ’ கோட்டைச் சில தட்டுகளில் வலஞ்சுழியாகக் கீறிவிட்டால் சுருளி நடுவில் திசை மாறும். ஆகையால் ஒரு தட்டை அச்சாக வைத்து மற்ற எல்லாவற்றையும் அதைப் பார்த்தே குறியுங்கள்.

வகுப்பில் சொல்ல மறக்கக் கூடாதது ஒன்று: ஆப்பு ஒரு வசதிக்குத்தான். டி.என்.ஏ.யில் வளைவு ஒரே படியில் முறிந்து நிற்பதில்லை, தொடர் முழுவதிலும் அதன் இரு முனைகளிலும் பகிர்ந்திருக்கிறது.

கேள்வி (வாசகர், சங்கானை): வளைந்த டி.என்.ஏ., வளையக்கூடிய டி.என்.ஏ. என்று இரண்டையும் கலந்து எழுதுகிறார்கள். இரண்டும் ஒன்றா?

பதில்: ஒன்றல்ல. நல்ல கேள்வி. அரிவாள் வளைந்தது, ஆனால் கையால் வளைக்க வராது. பச்சைப் பனையீர்க்கு நேரானது, ஆனால் எப்பக்கமும் வளையும். ஏ தொடர் அரிவாள் சாதி. ரி-ஏ, சி-ஏ படிகள் ஈர்க்குச் சாதி.

சாதாரண டி.என்.ஏ. ஏறத்தாழ 50 நனோமீற்றர், அதாவது 150 சோடி நீளம் வரைக்கும் தன் திசையைப் பெரிதாக இழக்காது. அந்த அளவுக்கு அது விறைப்பு. ஆனால் கலத்தின் கருவுக்குள், ஏறத்தாழ அதே நீளமான 147 சோடியை ஹிஸ்ரோன் புரத உருளையைச் சுற்றி 1.65 சுற்று சுற்ற வேண்டியிருக்கிறது. விறைத்த கம்பியை இறால் கூடைக்கு வளையமாக்குவது போன்ற வேலை. அந்தச் சிரமத்தைக் குறைப்பது எழுத்தின் தாளம். ஏ-ஏ, ரி-ரி, ரி-ஏ படிகள் பத்துச் சோடிக்கு ஒருமுறை வந்து சிறு பள்ளத்தைப் புரதத்தின் பக்கம் ஒடுக்கிக் கொடுக்கின்றன; ஜி-சி படிகள் அதற்கு ஐந்து சோடி தள்ளி வெளிப்பக்கத்தில் விரிந்து கொடுக்கின்றன. இந்த ஒழுங்கைக் கோழியின் டி.என்.ஏ.யில் சச்வெல், ட்ரூ, ற்றாவர்ஸ் மூவரும் 1986இல் கணக்கெடுத்துக் காட்டினார்கள். 1998இல் லோவறியும் விடமும் செயற்கையாகத் தெரிந்தெடுத்த ‘601’ என்ற வரிசை ஹிஸ்ரோனை மிக இறுக்கமாகப் பிடிப்பதால், ஆய்வுகூடங்கள் இன்றும் அதையே பயன்படுத்துகின்றன.

மதுவத்தில் பல பரம்பரையலகுகளின் முன்னால் நீண்ட ஏ தொடர்கள் உண்டு. அவை விறைப்பானவை என்பதால் ஹிஸ்ரோன் அங்கே இலகுவில் சுற்றிக்கொள்வதில்லை. வாசிப்பைத் தொடங்கும் புரதங்களுக்கு வழி திறந்திருக்கிறது. வாசிப்பின் தொடக்க இடத்தில் பல பரம்பரையலகுகளுக்கு உள்ள ரி-ஏ-ரி-ஏ வரிசை இதற்கு மறுபக்கம். அது நெகிழ்வானது, அதைப் பிடிக்கும் புரதம் தண்டை ஏறத்தாழ 80 பாகை மடக்கிவிடுகிறது.

கேள்வி (மாணவர், சுன்னாகம்): சி-ஜி-சி-ஜி என்று மாறி மாறி வந்தால் இடக்கைச் சுருளி ஆகும் என்பது உண்மையா?

பதில்: உண்மை, ஆனால் தானாக ஆகாது. ஏறத்தாழ 4 மோலார் சோடியம் குளோரைட்டு போன்ற கடும் உப்பில் அல்லது தண்டை முறுக்குக் குறைத்து இழுக்கும்போதுதான் புரளும். அதுதான் இஸட் டி.என்.ஏ. சுற்றுக்கு 12 சோடி. கரைசலில் இந்த மாற்றத்தை 1972இலும், பளிங்கில் அதன் உருவத்தை 1979இலும் கண்டார்கள்.

கேள்வி (பட்டதாரி மாணவர், திருநெல்வேலி): ஏ தொடர் உள்ள ஒரு துண்டும் சி-ரி-ஜி என்ற மூன்று எழுத்து திரும்பத் திரும்ப மீளும் ஒரு துண்டும் வைத்திருக்கிறேன். பொலிஅக்றிலமைட்டு ஜெல்லில் முதலாவது, நீளம் தெரிந்த அடையாளத் துண்டுகளைவிட மெதுவாகவும், இரண்டாவது வேகமாகவும் ஓடுகின்றன. அகறோசில் இரண்டும் சரியான இடத்தில் நிற்கின்றன. ஜெல் பிழையா?

பதில்: ஜெல் பிழையில்லை, நீங்கள் பார்ப்பது உருவத்தை. பொலிஅக்றிலமைட்டின் துளைகள் சிறியவை. வளைந்த துண்டு அவற்றில் சிக்கிச் சிக்கி ஊர்கிறது. அகறோசின் துளைகள் பெரிது. வளைவு அங்கே உறைக்காது. சி-ரி-ஜி, சி-ஜி-ஜி மீள்வரிசைகள் வழக்கத்தைவிட நெகிழ்வானவை. அவை 20 சதவீதம் வரை வேகமாக ஓடுவதை 1995இல் சின்டனின் குழு காட்டியிருக்கிறது.

ஆனால் உருவம்தான் காரணம் என்று நிரூபிக்க ஒரே ஓட்டம் போதாது. 8 சதவீத ஜெல்லுக்கு 10 மில்லிலீற்றர் அளவு இது: 30 சதவீத அக்றிலமைட்டுக் கரைசல் (29க்கு 1) 2.67 மில்லிலீற்றர், ஐந்து மடங்கு ரிபிஈ தாங்கல் 2 மில்லிலீற்றர், நீர் 5.2 மில்லிலீற்றர், 10 சதவீத அமோனியம் பேர்சல்பேற்று 100 மைக்றோலீற்றர், கடைசியில் ரெமெட் 10 மைக்றோலீற்றர். அரை மணி நேரத்தில் இறுகாவிட்டால் பேர்சல்பேற்று பழையது, புதிதாகக் கரையுங்கள். இறுகாத அக்றிலமைட்டு நரம்பைத் தாக்கும் நஞ்சு, கையுறை கட்டாயம். இந்தச் சதவீதத்தில் 60 முதல் 400 சோடி வரை நன்றாகப் பிரியும். சைலீன் சயனோல் சாயம் 160 சோடித் துண்டோடும், புரோமோபீனோல் நீலம் 45 சோடித் துண்டோடும் சேர்ந்து ஓடும்.

ஒரே மாதிரிகளை 4 பாகை செல்சியஸில் ஒருமுறை, 50 பாகைக்கு மேல் ஒருமுறை ஓட்டுங்கள். ஏ தொடரால் வரும் தாமதம் குளிரில் பெருகும், சூட்டில் பெரும்பாலும் மறையும். சூட்டிலும் அதே தாமதம் நின்றால் வளைவைவிட வேறு காரணம் தேடுங்கள். குளிர் அறையில் வைத்துவிட்டு மின்னழுத்தத்தைக் கூட்டினால் ஜெல் உள்ளுக்குள் சூடாகி, தேடிய விளைவே அழிந்துவிடும். சென்ரிமீற்றருக்கு 8 வோல்ற்றுக்கு மேல் போக வேண்டாம். எத்திடியம் புரோமைட்டை ஜெல்லில் கலந்து ஓட்டாதீர்கள். அது சோடிகளுக்கு நடுவில் நுழைந்து முறுக்கை அவிழ்க்கும். பத்தரைச் சோடித் தாளம் கலையும். ஓட்டி முடித்த பின்னரே சாயமிடுங்கள்.

மீளும் துண்டைப் பெருக்கும்போது முதன்மைப் பட்டைக்குக் கீழே ஒரு மீட்சி (ஒருமுறை மீளும் மூன்று எழுத்து) குறைந்த மெல்லிய பட்டை வருவது வழமை. பொலிமரேசு நொதியம் அந்த இடத்தில் வழுக்குகிறது. பற்றீரியாவில் வளர்க்கும்போதும் மீட்சிகள் கழன்று போகும். 37க்குப் பதில் 30 பாகையில் வளர்த்து, மீள்வரிசைக்கு ஏற்ற வகையைத் தெரிந்து, ஒவ்வொரு தடவையும் நீளத்தைச் சரிபாருங்கள். ஜி–சி கூடிய மீள்வரிசைக்கு 1 மோலார் பீற்றேயின் அல்லது 5 சதவீத டிஎம்எஸ்ஓ உதவும்.

கேள்வி (தாதிய உத்தியோகத்தர், சாவகச்சேரி): மூளையின் நரம்புக் கலங்கள் படிப்படியாகச் சிதையும் பரம்பரை நோயான ஹன்ரிங்ரன் நோயில் சி-ஏ-ஜி மீளும் எண்ணிக்கை தலைமுறைக்குத் தலைமுறை கூடலாம் என்கிறார்கள். எழுத்து தானாக எப்படிக் கூடும்? அறிக்கையில் வரும் இரண்டு எண்களை எப்படி வாசிப்பது?

பதில்: நெகிழ்ச்சிதான் இங்கேயும் வேலை செய்கிறது. சி-ஏ-ஜி நீளமாக மீளும் இடத்தில் இரு இழைகளும் சற்றுப் பிரிந்தால், ஒரே இழை தன்மேல் தானே மடிந்து கொண்டையூசிபோல நின்றுவிடுகிறது. அதில் சியும் ஜியும் சோடி சேரும். ஏக்கு எதிரே ஏ வந்து பொருந்தாமல் நிற்கும். இழை பிரதியாகும்போதும் பழுது திருத்தப்படும்போதும் இந்த மடிப்பு உண்டாகிறது. கோணலைத் திருத்த வரும் எம்எஸ்எச்2, எம்எஸ்எச்3 புரதச் சோடி அதை வெட்டி எறியாமல் பல சமயம் உள்ளே சேர்த்துவிடுகிறது. மீட்சி கூடுகிறது. கூடினால் மடிப்பு இன்னும் இலகு; ஆகவே இன்னும் கூடுகிறது. தந்தையிடமிருந்து வரும்போது பெரிதாகக் கூடும் வாய்ப்பு அதிகம்.

நடுவில் வேறு முக்குறி (மூன்று எழுத்துத் தொகுதி) ஒன்று புகுந்திருந்தால் இந்த வழுக்கல் தடைப்படும். உடையும் எக்ஸ் நோய்க்குரிய பரம்பரையலகில் ஒன்பது அல்லது பத்துச் சி-ஜி-ஜிக்கு ஒருமுறை ஏ-ஜி-ஜி வருவது வழமை; அது தொலைந்தவர்களின் வரிசைதான் அடுத்த தலைமுறையில் இலகுவில் நீள்கிறது.

ஹன்ரிங்ரன் பரம்பரையலகு 4ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது, 1993இல் கண்டார்கள். இரண்டு எண்கள் வருவது தாயிடமிருந்து ஒரு பிரதி, தந்தையிடமிருந்து ஒரு பிரதி என்பதால். பெரிய எண்ணைப் பாருங்கள். 26 வரை வழமையானது. 27 முதல் 35 வரை அவருக்கு நோய் வராது, ஆனால் பிள்ளைகளில் கூட இடமுண்டு. 36 முதல் 39 வரை சிலருக்கு வரும், சிலருக்கு வராது. 40 அல்லது அதற்கு மேல் என்றால் வழமையான ஆயுட்காலத்தில் நோய் வரும். 17/43 என்றால் பார்க்க வேண்டியது 43. எண் கூடக் கூட நோய் முந்தித் தொடங்கும் போக்கு இருந்தாலும், ஒரு தனி ஆளுக்கு “இந்த வயதில் தொடங்கும்” என்று அந்த எண்ணை வைத்துச் சொல்லக் கூடாது.

அறிக்கையில் 17/17 என்று ஒரே எண் வந்தால் அவசரப்பட்டு ஆறுதல் சொல்லிவிடாதீர்கள். இரு பிரதியும் உண்மையிலேயே 17ஆக இருக்கலாம். மிக நீண்ட மறுபிரதி பெருகாமல் தவறிப்போயும் இருக்கலாம். நீண்ட மீட்சியையும் பிடிக்கும் வேறு முறையால் மறுபடி பார்த்தார்களா என்று ஆய்வுகூடத்தைக் கேளுங்கள். அறிகுறி இல்லாத 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இந்தச் சோதனை செய்வதில்லை. வளர்ந்த பின் தெரிந்துகொள்வதா வேண்டாமா என்ற முடிவு அந்தப் பிள்ளைக்கே உரியது. வளர்ந்தவர்களுக்கும் இரத்தம் எடுக்குமுன் மரபியல் ஆலோசனை கொடுக்க வேண்டும்.